அலமாரியைக் காய்ச்சுபவர்

வீட்டிலேயே பீர் காய்ச்சும் அமெரிக்கர்களில் ஒரு தனி இனம் உண்டு. நாற்பதைத் தாண்டிய வயது, பராமரித்து வளர்த்த தாடி. கார் தெருவில் வெயில் காயும். அது நிற்க வேண்டிய கராஜில் 19 லிட்டர் ஜாடிகள் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். முளைகட்டிய பார்லி, கசப்பூட்டும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் மூன்றையும் அளந்து ஒரே பெட்டியில் போட்டு விற்கும் கடைகள் அங்கே உண்டு. அந்தப் பெட்டியை வாங்குவது இவருக்குக் கௌரவக் குறைச்சல். இவர் திறப்பது சமையலறை அலமாரியை. பிள்ளைகளின் கார்ன்ஃப்ளேக்ஸ், உடம்பு இளைக்க மனைவி வாங்கி வைத்த கினோவா, கிறிஸ்துமஸுக்கு மாமியார் கொண்டுவந்த காட்டரிசி எல்லாமே இவர் கண்ணுக்கு ஒன்றுதான். மற்றவர்களுக்குச் சாப்பாடு, இவருக்கு மாவுச்சத்து. ஊர் இவரைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், தப்பில்லை, ஆனால் தப்பான இடத்தில் சிரிக்கிறது என்பதே என் கட்சி. அலமாரியில் இருப்பதைப் போட்டு பீர் காய்ச்சுவதில் கோமாளித்தனம் எதுவும் இல்லை. உலகத்தில் அதைத் தாம்தான் முதலில் செய்வதாக அவர் நம்புகிறாரே, அங்கேதான் சிரிக்க வேண்டும்.

இவர் நம்பிக்கைக்கு எதிரான சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினால் கூண்டு கொள்ளாது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பீர் என்றாலே சோளம்தான். ஆண்டிஸ் மலை மக்கள் மக்காச்சோளத்தை வாயில் போட்டு மென்று துப்பி, எச்சிலில் உள்ள நொதியைக் கொண்டே மாவைச் சர்க்கரையாக்கினார்கள். நம் நாயகரின் துணிச்சல் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, விருந்தாளிகள் பிழைத்தார்கள். ரஷ்யாவில் மிஞ்சிய ரை தானிய ரொட்டி குவாஸ் என்னும் புளித்த பானம் ஆகிறது. பெல்ஜியத்தின் வெள்ளை பீரில் முளைகட்டாத கோதுமை காலங்காலமாக இருக்கிறது, ஓட்ஸும் சேர்வதுண்டு. சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் புளித்த கேழ்வரகைக் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். அதற்குத் தொங்பா என்று பெயர். அவ்வளவு தூரம் போவானேன்? ஜார்ஜ் வாஷிங்டன் 1757-இல் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்த பீர் செய்முறையில் இருப்பது தவிடும் வெல்லப்பாகு போன்ற மொலாசஸும். நாட்டின் முதல் ஜனாதிபதியே அலமாரியைத் துழாவியவர் என்றால், பேரப்பிள்ளைகள் புரட்சி என்று எதைச் சொல்லிக்கொள்வது?

“அதெல்லாம் நாட்டுச் சரக்கு, அசல் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது, 1516-இலேயே ஜெர்மனியின் பவேரியாவில் சட்டம் போட்டாயிற்று” என்று ஆசாரவாதிகள் எழுவார்கள். அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி பீரை என்ன விலைக்கு விற்கலாம் என்பதைப் பற்றியது. கோதுமையையும் ரை தானியத்தையும் ரொட்டிக்காரர்களுக்கு மிச்சம் வைக்கவே பார்லியை மட்டும் அனுமதித்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. ஈஸ்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பிறகு அதே பவேரியாவின் ஆட்சிக் குடும்பம் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு நன்றாகச் சம்பாதித்தது. ஆக, குடிமகன் போட்டால் குற்றம், கோமகன் போட்டால் வருமானம். இதைத் தூய்மையின் வேதமாகத் தூக்கிப் பிடித்து, கராஜில் நிற்கும் அப்பாவியை அடிப்பது நியாயமல்ல.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: அரிசியும் மக்காச்சோளமும் பெரிய கம்பெனிகள் செலவைக் குறைக்கச் செய்த கலப்படம் அல்லவா? இந்தக் குற்றச்சாட்டை அடிக்கடி வைப்பவரே நம் நாயகர்தான் என்பது வேடிக்கை. பட்வைசரில் அரிசி என்றால் முகம் சுளிப்பார். தம் ஜாடியில் மல்லிகை மணக்கும் தாய்லாந்து அரிசி என்றால் கண் கிறங்குவார். உண்மை என்னவென்றால், அமெரிக்காவில் விளைந்த ஆறுவரிசை பார்லியில் புரதம் அதிகம், பீர் கலங்கலாக வந்தது. பொஹீமியாவிலிருந்து குடியேறிய ஆன்டன் ஷ்வார்ஸ் போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரிசியையும் மக்காச்சோளத்தையும் பரிந்துரைத்தது அதைத் தெளிய வைக்கத்தான். அதே பார்லியில் நொதியும் ஏராளம் என்பதால், வந்த விருந்தாளித் தானியத்தையும் அது சேர்த்துச் சமாளித்தது.

நொதி என்றதும் நம் நாயகரின் இன்னொரு ரகசியம் வெளியே வருகிறது. மாவுச்சத்து தானாகச் சர்க்கரையாகாது. முளைவிட்ட தானியத்தின் நொதிகள் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் உழைத்தால்தான் ஆகும். முளைகட்டி வறுத்த கேழ்வரகு மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டியாகாமல் இளகி நிற்பதும் இதே நொதியின் வேலைதான். கினோவாவுக்கும் கார்ன்ஃப்ளேக்ஸுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே எத்தனை டப்பாவைக் கொட்டினாலும் பாத்திரத்தில் பெரும்பங்கு முளைகட்டிய பார்லியாகவே இருந்தாக வேண்டும். புரட்சி இவருடையது, உழைப்பு பார்லியுடையது. அரிசிக்கு இன்னும் உபசாரம் வேண்டும்: அதன் மாவு குழைய 65 டிகிரி போதாது, அதற்கு மேல் சூடேற்றினால் நொதி செத்துப்போகும். ஆகவே முதலில் தனியாகச் சோறு வடித்தாக வேண்டும். அவல்போல் ஆவியில் வேகவைத்துத் தட்டிய ஓட்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அளவு மீறினால் ஊறல் முழுவதும் பசையாகி, வடிகட்டியின் கீழே ஒரு சொட்டு இறங்காது. அப்போது உமி கலந்து வழி உண்டாக்குவார்கள். வீட்டில் இல்லாத ஒரே பொருள் உமி என்பது அந்த நேரத்தில்தான் இவருக்குத் தெரியவரும்.

“சிக்கனம்” என்று இவரே சொல்லும் சமாதானத்தையும் பார்த்துவிடலாம். அலமாரிச் சரக்கு ஓசி என்பது அவர் கணக்கு. காலியான டப்பாக்களை மனைவி மறுபடி வாங்குவது அந்தக் கணக்கில் வராது. எஃகுப் பாத்திரமும் குளிர்விக்கும் செப்புச் சுருளும் அறவே வராது. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய், சில வாரம் காத்திருந்து கிடைப்பது ஐம்பது புட்டி சொச்சம். குடிகாரர் என்றும் இவரைச் சொல்ல முடியாது, குடிகாரருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்ச அனுமதிக்கிறது. அந்த எல்லையைத் தொடும் எண்ணம் இவருக்கு இல்லை. இவருக்கு வேண்டியது போதையல்ல, “இதில் என்ன போட்டிருக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்க ஓர் ஆள். கார்ன்ஃப்ளேக்ஸின் சர்க்கரை பெரும்பாலும் நொதித்துப் போய்விடுவதால் ருசியை வைத்து யாரும் சரியாகச் சொல்லப்போவதில்லை. அந்தத் தோல்விதான் அவருக்கு விருந்து.

அப்படியானால் சாட்சிகளை எல்லாம் அவர் முன் வைத்து அந்த மமதையைத் தீர்த்துவிடலாமா? கூடாது என்பேன். கடையில் சில நிமிடங்களில் கிடைப்பதற்கு ஒரு நாளைச் செலவழிக்க, தாமே ஆதிகர்த்தா என்ற நினைப்பைத் தவிர வேறு கூலி எதுவும் அவருக்கு இல்லை. அதையும் பிடுங்கினால் கராஜில் கார்தான் நிற்கும். ஒருவேளை யாராவது வாய் தவறி வாஷிங்டனைப் பற்றிச் சொல்லிவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, வாஷிங்டனும் சரியான பாதையில்தான் போயிருக்கிறார், கினோவா மட்டும் கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்று பாராட்டுவார்.