காறை எலும்பும் காரணமும்: மலைச் சைக்கிள் அமெச்சூரின் கோடைக்காலம் குறித்த ஓர் ஆய்வு

மலைச் சைக்கிள் எனப்படுவது, நல்ல தார்ச்சாலை பக்கத்திலேயே இருக்கும்போதும் அதைத் தவிர்த்து, வேரும் பாறையும் சரளையும் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்குவதற்கென்றே அகன்ற டயர், அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க், டிஸ்க் பிரேக் முதலியவற்றைப் பொருத்திச் செய்யப்படும் ஊர்தியாகும். அதை ஊதியம் ஏதுமின்றிக் கைக்காசைச் செலவழித்து ஓட்டிப் பந்தயங்களில் கலந்துகொள்பவர் அமெச்சூர் எனப்படுவார். இச்சொல் 'காதலிப்பவர்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது என்பதால், காதலுக்குக் கண் இல்லை என்னும் வழக்கு இத்துறைக்கும் செல்லும் எனக் கொள்ளலாம். இத்தகையோர் கோடை முழுவதும் உழைத்து வேகத்தை வளர்க்கிறார்கள் என்பதே பரவலாக நிலவிவரும் கருத்து. ஆனால் அவர்கள் வளர்ப்பது காரணத்தையே என்பதும், பயிற்சி, பந்தயம், காயம் ஆகிய மூன்றும் 'ஏன் முந்த முடியவில்லை' என்னும் ஒரே வினாவுக்கு விடை தயாரிக்கும் பட்டறைகள் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்விளையாட்டு வேர்விட்ட இடம் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் உள்ள தமல்பையஸ் மலையும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். மலையின் பெயரைக் கண்டவுடன் அதில் 'தமிழ்' ஒளிந்திருப்பதாக நிறுவ முற்படும் சொல்லாய்வறிஞர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அது அம்மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மீவோக் மக்களின் சொல். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில், சுமார் 2 மைலுக்குள் 1,300 அடி இறங்கும் மண்சாலை ஒன்றில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை உருட்டிச் சென்று பந்தயம் வைத்தனர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அக்காலப் பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் புகையாகப் போய்விடுமாதலால், ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. முதல் பந்தயத்தில் ஆலன் பாண்ட்ஸ் வென்றது, மற்ற அனைவரும் விழுந்துவிட்டதனால் என்பர். பிற்காலத்தில் கேரி ஃபிஷர் அதே இறக்கத்தை 4 நிமிடம் 22 நொடியில் கடந்து சாதனை படைத்தார் என்றாலும், இவ்வாய்வுக்கு வேண்டியவர்கள் விழுந்தவர்களே. 'பிரேக்கில் கிரீஸ் தீர்ந்துவிட்டது' என்னும் விளக்கத்துக்கு அன்றே வாய்ப்பிருந்தது. இவ்விளையாட்டும் அதன் சாக்கும் இரட்டைப் பிள்ளைகள் என்பது இதனால் பெறப்படும்.

இனி, ஆய்வுக்குரிய மாதிரியாக, அதே மாரின் பகுதியில் வாழும், நாற்காலி வேலை பார்க்கும், 44 வயதுடைய அமெச்சூர் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவருடைய பயிற்சி ஜனவரியில் ஓர் அட்டவணையுடன் தொடங்குகிறது. 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்னும் பழைய வாய்ப்பாட்டின்படி அவருக்கு 176 வரவேண்டும். வாய்ப்பாடு தோராயமானது, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும் என்பது அவருக்கும் தெரியும், ஆயினும் 176 என்றே எழுதிக்கொள்கிறார். அடுத்து, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிதிதிறனை அறிய, 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, கிடைக்கும் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டைக் கணக்கிடும் சோதனை ஒன்று உண்டு. கார் நிறுத்தும் கொட்டிலில், நிலைதாங்கியில் பூட்டிய சைக்கிளின் மேல், மேசை விசிறி முகத்தில் அடிக்க, மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஹேண்டில்பாரில் சொட்ட, அவர் மிதித்துக்கொண்டிருக்கும் 17ஆம் நிமிடத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. மற்ற நாள்களில் எடுக்கவே எடுக்காத காப்பீட்டு விற்பனையாளரின் அழைப்பை அவர் அன்று எடுத்துவிடுகிறார். சோதனை முறிந்ததற்கு அட்டவணையில் 'அவசர அழைப்பு' என்று குறிக்கப்படுகிறது.

உடல் வலுப்பெறுவது உழைக்கும்போது அன்று, உழைத்தபின் ஓய்வில்தான் என்பது பயிற்சி நூல்கள் ஒப்புக்கொண்ட உண்மை; கொள்கையின் இப்பின்பாதியை மட்டும் நம் அமெச்சூர் பிசகின்றிக் கடைப்பிடிக்கிறார். போதாக்குறைக்கு ஊரும் உதவுகிறது. இவ்விளையாட்டைப் பெற்ற மாரினிலேயே ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டிருந்தன; தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய அகன்ற மண்சாலைகளிலும் மணிக்கு 15 மைலுக்கு மேல் செல்லக் கூடாது. சட்டத்தை மதிக்கும் குடிமகன் எங்ஙனம் வேகப் பயிற்சி எடுப்பான் என்னும் கேள்விக்கு விடை இல்லை. மணிக்கு 9 மைலில் மலையேறிக்கொண்டிருக்கும்போதும் அவர் அதைக் கேட்கிறார்.

பந்தய நாளில் கிடைக்கும் காரணங்களை முன், உடன், பின் என மூவகைப்படுத்தலாம். இவற்றுள் முன்காரணமே செழுமையானது. தொடக்கக் கோட்டில் நிற்கும் நாற்பது பேரில் நலமாக இருப்பவர் ஒருவரும் இலர். ஒருவருக்கு முழங்கால்; ஒருவருக்கு இரவெல்லாம் குழந்தை அழுதது; மூன்றாமவர் 'சும்மா பயிற்சிக்காகத்தான் வந்தேன், ஓட்டப் போவதில்லை' என்கிறார், அவரே முதலில் பாய்கிறார். உடன்காரணத்துள் சிறந்தது, பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. விலையுயர்ந்த சட்டம் பிழைக்கட்டும் என்று தான் முதலில் வளைந்து ஒடிவதற்கென்றே வடிக்கப்பட்ட பலியாடு அது, ஆதலால் அது ஒடிந்தால் ஓட்டியவரை எவரும் குறைசொல்ல மாட்டார்கள். காற்றழுத்தமும் அத்தகையதே: பந்தயத்துக்கு முன் அரைமணி நேரம் டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்து ஒரு பவுண்டு கூட்டி ஒரு பவுண்டு குறைத்தவர், முடிந்தபின் அந்த ஒரு பவுண்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். பெரிய காரணம் வேண்டுவோர் கொலராடோவின் லீட்வில்லுக்குச் செல்வர். அங்கு 1994 முதல் நடந்துவரும் 100 மைல் பந்தயம் 10,000 அடிக்கு மேல் உள்ள ஊரில் தொடங்குகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட அவ்வுயரத்தில் மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைவு என்பதால், ஊர் பெயரைச் சொன்னாலே போதும், மேல்விளக்கம் தேவைப்படாது.

காயத்துக்கு வருவோம். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்றும் முதுகில் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்த மரபு நம்முடையது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமன்னன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். மலைச் சைக்கிளிலும் இப்பாகுபாடு செல்லும். பாய்சன் ஓக் என்னும் செடி உரசி எழும் கொப்புளம் புறப்புண் வகை; சேராங்கொட்டையும் மாவும் சேர்ந்த குடும்பத்துச் செடியான அது, வாரக்கணக்கில் சொறிய வைத்தாலும் பெருமை ஏதும் தருவதில்லை. விழுப்புண் என்றால் காறை எலும்பே. கழுத்தில் பூணும் காறை என்னும் பழைய அணி கிடக்கும் இடத்தில், தோளுக்கும் மார்பெலும்புக்கும் இடையே குறுக்கே ஓடும் இவ்வெலும்பு, கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்கி, இருபது வயதைத் தாண்டித்தான் முழுதும் இறுகுகிறது. இவ்வளவு நிதானமாகக் கட்டப்பட்டது, தோள் தரையில் மோதும் ஒரு நொடியில், பெரும்பாலும் நடுப்பகுதியில், முறிகிறது. நம் அமெச்சூருக்கு இது ஜூலை முதல் வாரம் நேர்ந்தது. பந்தயம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில், வேகம் சுழியமாக இருந்தபோது, பெடலில் பூட்டிய காலணியைக் கழற்ற மறந்து அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். இச்செய்தி மருத்துவமனையில் 'மெதுவாகப் போகும்போது' என்றும், அலுவலகத்தில் 'இறக்கத்தில்' என்றும், மைத்துனரிடம் 'குறுக்கே மான் வந்தது' என்றும் பாடபேதங்களுடன் வழங்குகிறது. மூலபாடத்தை அறிந்தவர் மனைவி மட்டுமே. அவர் இதுவரை பதிப்பிக்கவில்லை.

தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வடக்கு நோக்கி அமராமல், டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஓடும் தொலைக்காட்சியை நோக்கி அவர் மூன்று வாரம் அமர்ந்தார். 2003இல் அதே பந்தயத்தில் டைலர் ஹாமில்டன் என்னும் வீரர் முதல் கட்டத்திலேயே காறை எலும்பில் விரிசல் கண்டும் பந்தயத்தை முடித்து நான்காம் இடம் பெற்றதை ஒவ்வொரு உணவு வேளையிலும் எடுத்துக்காட்டினார். ஹாமில்டன் பின்னாளில் ஊக்கமருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டவர் என்பதை மகள் நினைவூட்டியபின் அம்மேற்கோள் நின்றது.

ஆகஸ்ட் கடைசியில் எலும்பு கூடிவிட்டது, செப்டம்பர் பந்தயத்துக்குத் தாராளமாகப் போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது அமெச்சூரின் முகம் சற்று வாடியது. வீடு திரும்பும் வழியிலேயே, மழை பெய்யும் நாள்களில் மட்டும் அந்த இடம் லேசாக இழுத்துப் பிடிப்பதாக அவர் தெரிவித்தார். மாரினில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்வது அரிது.