ஓடுற பஸ்ஸுக்கு எர்த் எங்கே?

மகள் ஸ்கூல் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் மாசம் தவறாமல் பஸ் ஃபீஸ் கட்டியவள் என் மனைவி. அதனால் சேதி கேட்டு அதிகம் ஆடிப்போனதும் அவள்தான். "ஸ்கூல் பஸ்ஸுலேருந்து இறக்கி, காலேஜ் பஸ்ஸுல ஏத்தி, அப்புறம் ஃப்ளைட்ல ஏத்தி அனுப்பினோம். இப்ப மறுபடியும் ஸ்கூல் பஸ்ஸுக்கே போறேங்கிறா" என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பாதிப் பேர், மகள் டிரைவர் வேலைக்குப் போய்விட்டதாக நினைத்து எங்களைத் தேற்றினார்கள்.

விஷயம் வேறு. அமெரிக்காவில் ஸ்கூல் பஸ்கள் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஓடிக் களைத்ததும் ஏலத்துக்கு வந்துவிடும். அதை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து வீடாக்கிக் குடியிருக்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. அப்படி மாறிய பஸ்ஸுக்கு 'ஸ்கூலி' என்று செல்லப் பெயர். என் மகளும் மாப்பிள்ளையும் டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கொஞ்சம் வெளியே, ஒரு பண்ணையில் வாடகைக்கு இடம் பிடித்து அப்படி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். குடியிருப்புக்குள் நிறுத்தச் சங்கம் விடவில்லையாம். சங்கம் என்றால் எங்கேயும் சங்கம்தான்.

அந்த மஞ்சள் நிறத்துக்குச் சரித்திரமே இருக்கிறது. 1939இல் ஃபிராங்க் சைர் என்ற கல்வியாளர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூட்டி, நாடு முழுக்க ஸ்கூல் பஸ்ஸுக்கு ஒரே நிறம் என்று முடிவு செய்தார். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அந்த மஞ்சளில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியுமாம். ஓய்வு பெற்ற பஸ் அந்த நிறத்தில் ரோட்டில் திரியப் பல மாநிலங்களில் அனுமதி இல்லை. ஆகவே மகள் அதற்கு ஆகாய நீலம் அடித்துவிட்டாள். கதவு ஓரத்தில் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்த்தது, தலைக்கு மை அடித்தவர் காதோரம் மாதிரி.

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் மனைவியும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். ஆக அந்தப் பண்ணையில், ஓய்வுக்குப் பிறகும் வேலை வாங்கப்பட்டவர்கள் இரண்டு பேர்: நானும் பஸ்ஸும்.

"மாமா, டிபி பாக்ஸ் மாட்டப் போறேன். நீங்க சும்மா பக்கத்துல இருந்தா போதும்" என்றார் மாப்பிள்ளை. சும்மா இருப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் ஒரு டிபி பாக்ஸுக்குப் பக்கத்தில் சும்மா இருப்பது, பந்தியில் உட்கார்ந்து விரதம் இருக்கிற கஷ்டம். அதிலும் வேலை செய்கிறவர் மாப்பிள்ளை. வயர்மேன் தப்புச் செய்தால் "என்னய்யா இது?" என்று ஒரு சத்தம் போடலாம். மாப்பிள்ளையிடம் அந்தச் சத்தம் போட்டால் அதன் அதிர்வு சேலம் வரை, சம்பந்தி வீடு வரை போகும்.

அவர் சாஃப்ட்வேர்காரர். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவார். அமெரிக்காவின் மின் விதிப் புத்தகம் 1897இல் முதலில் வந்து, இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுசாகிறது. அதில் வீட்டு வண்டிகளுக்கென்றே 551ஆம் பிரிவு உண்டு. மாப்பிள்ளை அதை பிரிண்ட் எடுத்து மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். வேலையும் சுத்தம்தான். பஸ் கூரையைத் தாங்குகிற இரும்பு வளைவுகளில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்த இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். குலுங்குகிற வண்டியில் இரும்பு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். ஒற்றைக் கம்பி ஒயர் ஆட்டத்தில் முறியும் என்று பல இழை ஒயராக வாங்கியிருந்தார். மனசுக்குள் அவருக்கு முதல் வகுப்பு போட்டுவிட்டேன்.

தொல்லை எனக்குத்தான். அங்கே எல்லாமே தலைகீழ். நம் வீட்டில் சுவிட்சைக் கீழே தட்டினால் விளக்கு எரியும், அங்கே மேலே தள்ள வேண்டும். நமக்குக் கறுப்பு ஒயர் என்றால் நியூட்ரல். அங்கே கறுப்பில்தான் கரண்ட் வருகிறது, நியூட்ரல் வெள்ளை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கறுப்பைக் கண்டால் நிம்மதி அடைந்த கை இது. டெஸ்டர் வைக்காமல் எதையும் தொடுவதில்லை என்ற பழக்கம் மட்டும் இல்லையென்றால், இந்தக் கட்டுரையை என் மனைவிதான் எழுதியிருப்பாள்.

ஒயர் அளவு இன்னும் வேடிக்கை. நாம் ஒன்றரை, இரண்டரை, நாலு என்று சதுர மில்லிமீட்டரில் கேட்டு வாங்குகிறோம். நம்பர் ஏறினால் ஒயர் தடிக்கும். அங்கே நம்பர் இறங்க இறங்கத்தான் தடிக்கும். பதினாலைவிடப் பன்னிரண்டு தடி, பன்னிரண்டைவிடப் பத்து தடி. அப்படியே இறங்கி ஒன்று, பூஜ்யம் என்று வந்து, அதற்குமேல் இறங்க வழியில்லாமல் பூஜ்யத்தையே இரண்டு முறை, மூன்று முறை, நாலு முறை போட்டுக்கொள்கிறார்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போன கேபிள் அந்த நாலு பூஜ்யம். கட்டைவிரல் பருமன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் 2000 வாட் எடுக்க வேண்டுமென்றால் 160 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு இந்தத் தடி வேண்டியதுதான். ஒன்றுமில்லாததை நாலு முறை எழுதி அதற்கு அந்த விலை வாங்குகிறார்களே என்பதுதான் என் மனைவியின் வருத்தம்.

டிபி மாட்டியாயிற்று. மகள் பண்ணைக் கொட்டகையின் பிளக் பாயிண்டில் கேபிளைச் செருகினாள்.

டிக்.

கொட்டகை பாயிண்ட் ட்ரிப். பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி செருகினாள். மறுபடி டிக். பஸ்ஸில் எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்து பார்த்தார்கள். அப்போதும் டிக். அங்கே கொட்டகை, பாத்ரூம், சமையலறை பாயிண்டுகளிலேயே கசிவைப் பிடிக்கிற காவல்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நம் வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். இவன் ஐந்துக்கே விழுந்துவிடுகிற ரோஷக்காரன்.

"பாயிண்ட் பழசா இருக்கும், மாமா" என்றார் மாப்பிள்ளை. பண்ணைக்காரர் வேலியோரம் வந்து நின்று, போன மாசம்தான் புதுசாக மாட்டினேன் என்றார். அவர் மாடும் வந்து நின்றது.

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. டிபியின் நியூட்ரல் பட்டையில் ஒரு பச்சை ஸ்க்ரூ பெட்டியின் தகரம் வரை முறுக்கப்பட்டிருந்தது. ஓடுற பஸ்ஸுக்கு எர்த் எங்கே என்று வந்த அன்றே யோசித்திருந்தேன். நம் ஊரில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி எர்த்தைக் காப்பாற்றுகிறோம். ரப்பர் டயர்கள் மேல் நிற்கிற பஸ்ஸுக்கு ஏது குழி? அதன் எர்த், கேபிளிலேயே ஒரு ஒயராக வந்து பஸ்ஸின் இரும்பு உடம்போடு சேர்கிறது.

இதில்தான் சூட்சுமம். நியூட்ரலும் எர்த்தும் சம்பந்திகள் மாதிரி. ஒரே ஒரு இடத்தில், எல்லார் முன்னாலும் சந்தித்துக் கைகுலுக்கிவிட்டு அவரவர் வழியில் போய்விட வேண்டும். அந்தச் சந்திப்பு பண்ணை வீட்டின் மெயின் பாக்ஸில் ஏற்கெனவே நடந்துவிட்டது. பஸ்ஸிலும் அந்த ஸ்க்ரூ இரண்டாவது முறை சந்திக்க வைத்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகக் குறுக்கே போகும். லோடு ஏதும் ஓடாவிட்டாலும் இந்தக் குறுக்கு வழியை மோப்பம் பிடித்து, கணக்கு உதைக்கும் என்று காவல்காரன் விழுந்துவிடுகிறான். அவன் விழுவதே நல்லது. கோளாறான எக்ஸ்டென்ஷன் ஒயரில் எர்த் அறுந்து, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அந்த ஸ்க்ரூ வழியாக பஸ் முழுக்க 120 வோல்ட் ஏறி நிற்கும். உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ஈர மண்ணிலும் வைத்து இறங்குகிறவருக்குத் தெரியும்.

தெரிந்ததை எப்படிச் சொல்வது? மகளைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே "வேண்டாம்பா" என்றாள். பணிவாகக் கேட்டேன்: "மாப்பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பச்சை ஸ்க்ரூ எதுக்கு?"

"அதுவா மாமா, பாக்கெட்ல தனியா கொடுத்திருந்தான். கொடுத்ததை மாட்டாம இருக்கக் கூடாதில்ல?"

"அதானே! எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது. அந்தத் தாள்ல ஏதாவது போட்டிருக்கா?"

551ஆம் பிரிவைக் கரைத்துக் குடித்தவர், டிபியோடு வந்த துண்டுத் தாளைப் பிரிக்கவே இல்லை. இப்போது பிரித்தார். வீட்டு மெயினாக வைத்தால் மட்டும் இந்த ஸ்க்ரூவை மாட்டவும். அவர் உதடு அசைவது நின்றது. நான் மாட்டைப் பார்த்தேன். மாடு என்னைப் பார்த்தது. மரியாதை தெரிந்த மாடு.

கேபிளை உருவிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். மீட்டரின் ஒரு முனையை நியூட்ரல் பட்டையிலும் மறு முனையைத் தகரத்திலும் வைத்தார். முன்பு கீச்சென்று கத்தியிருக்க வேண்டியது, இப்போது மூச்சு விடவில்லை. மகள் கேபிளைச் செருகினாள். டிக் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது.

என் மனைவி உடனே லோடு கணக்குக்கு வந்துவிட்டாள். பஸ்ஸின் டிபிக்கு 30 ஆம்பியர், 120 வோல்ட், மொத்தம் 3600 வாட். ஏசிக்கு 1500, இண்டக்‌ஷன் அடுப்புக்கு 1800, கீசருக்கு இன்னொரு 1400. "குளிர்ச்சி, குளியல், சாப்பாடு. இதுல எந்த ரெண்டு வேணும்னு சொல்லும்மா" என்றாள் மகள். அத்தனை செலவு செய்து, இங்கே மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்துப் பம்புசெட் நிலைமையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். மாப்பிள்ளை பேசுகிறார்: ஸ்கூலி கட்டுகிறவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இந்தப் பச்சை ஸ்க்ரூதானாம், தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று படம் போட்டு விளக்குகிறார். அருமையான விளக்கம். ஒரு ஓரத்தில் டார்ச் பிடித்தபடி என் கை மட்டும் தெரிகிறது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள்.

"டார்ச்சை ஆடாம பிடிச்சிருக்கீங்க" என்றாள்.