ஆறு வருஷமும் பதினேழு நாளும்

போன இதழில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து விழுந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவருடைய இரண்டாவது ராணி ஆன் பொலினைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் சினிமா, அரசியல், முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் விடுமுறை. தலை போகிற விஷயம் மட்டும்.

கே: ஹென்றிக்கு ஆறு மனைவிகள். மற்ற ஐந்து பேரை விட்டுவிட்டு எல்லோரும் இந்த ஒருவரையே ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

ப: மற்ற கல்யாணங்களின் செலவு கஜானாவோடு போயிற்று. இந்தக் கல்யாணத்துக்கு, போப்பாண்டவரோடு தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் இருந்த உறவையே ஹென்றி மொய் எழுதினார். அவ்வளவு செலவழித்துக் கட்டிய மனைவியை மூன்று வருஷத்தில் வெட்டவும் செய்தார். இங்கிலாந்தில் மரண தண்டனை பெற்ற முதல் ராணி இவர்தான்.

கே: அப்படி என்ன பேரழகியா?

ப: 1532-ல் இவரைப் பார்த்த வெனிஸ் தூதர், உலக அழகி ஒன்றும் இல்லை என்று ஊருக்கு எழுதினார். நடுத்தர உயரம், மாநிறம், நீண்ட கழுத்து, அகன்ற வாய். கண்கள் மட்டும் கருகருவென்று அழகு. அந்தக் கழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கே: பெரிய இடத்துப் பெண்ணா?

ப: அம்மா வழியில் நார்ஃபோக் பிரபு குடும்பம். அப்பா வழியில் மூன்று தலைமுறை பின்னால் போனால் ஒரு வியாபாரி. கொள்ளுத்தாத்தா ஜெஃப்ரி பொலின் லண்டனில் வணிகம் செய்து, 1457-ல் நகர மேயராகவும் ஆனவர். அப்பா தாமஸ், ராஜ தூதர். பெண்ணை 1513-ல் நெதர்லாந்து அரசவைக்கு அனுப்பினார். அங்கிருந்து பிரான்ஸ் ராணியின் பரிவாரத்துக்கு. 1521 கடைசியில் திரும்பி வந்தபோது உடை, நடை, நாக்கு எல்லாம் பிரெஞ்சு. அடுத்த மார்ச்சில் அரண்மனையில் ஒரு நாடகக் கேளிக்கை. சீமாட்டிகள் ஆளுக்கொரு நற்குணமாக வேஷம் கட்டினார்கள். ஆன் பொலினுக்குக் கிடைத்த வேஷம் ‘விடாமுயற்சி’. வேஷம் பிரித்துக் கொடுத்தவருக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்.

கே: ராஜா ஆசைப்பட்டால் ‘முடியாது’ என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது?

ப: வீட்டிலேயே பாடம் இருந்தது. அக்காவா தங்கையா என்று இன்னும் சண்டை போடுகிறார்களே, அந்த மேரி பொலின் ஏற்கெனவே ஹென்றியின் ஆசைநாயகியாக இருந்து கைவிடப்பட்டவர். அதைக் கூடவே இருந்து பார்த்த பெண், ‘கல்யாணம் என்றால் பேசலாம்’ என்று நின்றுவிட்டார்.

ஹென்றிக்குக் கடிதம் எழுதுவது என்றாலே கசப்பு. மந்திரிகளுக்கு எழுதவே மூக்கால் அழுவார். அவர் தன் கையால் இவருக்கு எழுதிய 17 காதல் கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்றில் இதயம் வரைந்து நடுவே இவர் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறார். இன்னொன்றோடு தானே வேட்டையாடிய மானின் இறைச்சியை அனுப்பி, சாப்பிடும்போது வேட்டைக்காரனை நினைத்துக்கொள் என்கிறார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ராஜா. கல்லூரி மரத்தில் பெயர் செதுக்குகிற பையனுக்கும் அவருக்கும் வித்தியாசம் கிரீடம் மட்டும்தான். இவர் எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை. ராஜாவின் கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? வாட்டிகன் நூலகத்தில். யாரோடு சண்டை போட்டு இந்தக் கல்யாணத்தைச் செய்தாரோ, அவர் வீட்டுப் பீரோவிலேயே.

கே: போப் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தனை கலாட்டா நடந்திருக்காதே. ஏன் மறுத்தார்?

ப: மறுத்தார் என்பதைவிட, இழுத்தார் என்பது சரி. ஹென்றியின் முதல் மனைவி கேதரின், ஸ்பெயின் ராஜகுமாரி, அண்ணன் ஆர்தரின் விதவை. அவரைக் கட்டிக்கொள்ள அந்தக் காலத்துப் போப்பிடம் விசேஷ அனுமதி வாங்கித்தான் 1509-ல் கல்யாணம் நடந்தது. ஆண் வாரிசு தங்கவில்லை. 1527-ல் திடீரென்று ஹென்றிக்கு பைபிளின் லேவியராகமம் ஞாபகம் வந்தது. சகோதரன் மனைவியை எடுத்தால் பிள்ளையில்லாமல் போவார்கள் என்று அதில் இருக்கிறது. பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு வந்த மனசாட்சி.

அதே 1527 மே மாதம் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப் ஏழாம் கிளமென்ட் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அந்தச் சார்லஸ் யார்? கேதரினுடைய அக்கா மகன். வாசலில் வாளோடு நிற்கிறவனிடம், உங்கள் சித்தியின் கல்யாணம் செல்லாது என்று எந்தப் போப் சொல்வார்?

1529-ல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் விசாரணை மன்றம் கூட்டினார்கள். கேதரின் நேராக வந்து, நீதிபதிகளை லட்சியம் செய்யாமல் புருஷன் காலடியில் மண்டியிட்டுத் தன் பக்கத்தைச் சொன்னார். எழுந்தார். வெளியே நடந்தார். திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. காரியத்தை முடித்துத் தரத் தவறிய தலைமை மந்திரி கார்டினல் வுல்ஸியின் பதவி அந்த வருஷமே போயிற்று. கடைசியில் ஹென்றி போப்பையே கழற்றிவிட்டார். 1533 ஜனவரியில் ரகசியக் கல்யாணம். மே மாதம் ஆர்ச்பிஷப் கிரான்மர், முந்தைய கல்யாணம் செல்லாது என்றார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் புதுக் கல்யாணம், அப்புறம் பழையது ரத்து. ஜூன் 1-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு விழா. அப்போது ராணி ஆறு மாத கர்ப்பிணி.

முதல் மனைவியைக் கழற்ற ஆறு வருஷம் ஆயிற்று. இந்தக் கணக்கையும் ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள்.

கே: பிறந்தது பெண் என்றதும் ஹென்றி என்ன செய்தார்?

ப: ஆண் பிள்ளைதான் என்று ஜோசியர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். வெளியூர்ப் பிரபுக்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை ‘பிரின்ஸ்’ பிறந்திருக்கிறார் என்று முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று. 1533 செப்டம்பர் 7, கிரீனிச் அரண்மனையில் பெண் குழந்தை. புதிதாக எழுத நேரமில்லையோ, மனமில்லையோ, ‘பிரின்ஸ்’ பக்கத்தில் ஒரு ‘எஸ்’ஸை நெருக்கித் திணித்து அனுப்பினார்கள். தமிழாக இருந்தால் ‘இளவரசன்’ என்பதில் ‘ன்’னை அடித்துவிட்டு ‘ச’வுக்கு ஒரு மேல்விலங்கு போட்டிருந்தால் போதும். கொண்டாட்டத்துக்கு ஏற்பாடாகியிருந்த குதிரைப் போட்டியை ரத்து செய்தார்கள்.

நெருக்கித் திணிக்கப்பட்ட அந்த ‘எஸ்’தான் பிற்பாடு முதலாம் எலிசபெத். 44 வருஷம் ஆண்டார். 1600 டிசம்பர் 31-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாசனம் கொடுத்தவரும் அவரே. சென்னைக் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனி.

கே: பெண் பிறந்தால் மனைவி என்ன செய்வாள்? இதுகூடவா ராஜாவுக்குத் தெரியாது?

ப: குழந்தை ஆணா பெண்ணா என்பதை அப்பாவின் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது என்று கண்டுபிடித்தது 1905-ல். கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. நல்ல வேளை, ஹென்றி காலத்தில் பிறக்கவில்லை.

கே: கேதரின் குடும்பத்தைக் கெடுத்த பாவம்தான் ஆன் பொலினைச் சும்மா விடவில்லை என்கிறேன். சரிதானே?

ப: கேதரினுக்கு நடந்தது அநியாயம். 1531-க்குப் பிறகு பெற்ற மகள் மேரியைக் கண்ணால் பார்க்கக்கூட விடவில்லை. அந்த மேரியைப் புதுக் குழந்தை எலிசபெத்தின் பரிவாரத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இதிலெல்லாம் ஆன் பொலினுக்குப் பங்கு உண்டு. நான் அவருக்கு வக்கீல் அல்ல. ஆனால் பாவக் கணக்கு என்று பேரேட்டைத் திறந்தால், உத்தரவு போட்டவர் பக்கத்தில்தானே பற்று அதிகம்? அவர் 1547-ல் தன் கட்டிலில் படுத்து நிம்மதியாகச் செத்தார்.

கே: வீழ்ச்சி எப்போது தொடங்கியது? ராஜாவின் புதுக் காதலி ஜேன் சீமோர் வந்ததாலா?

ப: ஜேன் சீமோர் வந்தார், உண்மை. வேறு பெண்கள் முன்பும் வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். 1536-ல் எல்லாம் ஒரே சமயத்தில் கூடிவிட்டன. ஜனவரி 7-ல் கேதரின் இறந்தார். இனி எதிரி இல்லை என்று ஆன் பொலின் நினைத்திருக்கலாம். உண்மையில் போனது கவசம். கேதரின் உயிரோடு இருந்தவரை, இரண்டாவது மனைவியை ஹென்றி தள்ளிவைத்தால் முதல் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள் என்று ஊர் சொல்லும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஜனவரி 29-ல், கேதரினை அடக்கம் செய்த அதே நாளில், ஆன் பொலினுக்குக் கர்ப்பம் கலைந்தது.

இதோடு மந்திரி தாமஸ் கிராம்வெல்லோடு தகராறு. வருஷ வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடி, சொத்தை ராஜாவுக்குச் சேர்க்கச் சட்டம் வந்தது. அந்தப் பணம் படிப்புக்கும் தர்மத்துக்கும் போகட்டும் என்றார் ராணி. ஏப்ரல் 2-ல் ராணியின் பாதிரியார், ராஜா முன்னிலையிலேயே, பைபிளின் எஸ்தர் கதையில் வரும் ஆமானைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ராஜாவுக்குக் கெட்ட யோசனை சொல்லித் தூக்கில் தொங்கிய மந்திரி ஆமான். கிராம்வெல்லுக்கு யார் ஆமான் என்று புரியாதா? ஒரு மாதம்தான். மே 2-ல் ராணி கைது.

கே: (சட்டம் படிக்கும் மாணவி) அவர் மீது என்ன குற்றச்சாட்டு? நிரூபித்தார்களா?

ப: ஐந்து ஆண்களோடு கள்ள உறவு, அவர்களில் ஒருவர் கூடப்பிறந்த சகோதரர் ஜார்ஜ், ராஜாவைக் கொல்லச் சதி. ஒப்புக்கொண்டவர் மார்க் ஸ்மீட்டன் என்ற வாத்தியக் கலைஞர் ஒருவர் மட்டுமே. ஹென்றி நாரிஸ் என்ற அரண்மனைப் பிரபுவிடம், ராஜாவுக்கு ஏதாவது ஆனால் என்னைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாயா என்கிற மாதிரி ராணி வாய்விட்டதுதான் சதிக்கு ஆதாரம். ராஜாவின் மரணத்தைக் கற்பனை செய்வதே ராஜத்துரோகம்.

குற்றப்பத்திரிகையைப் படித்தால் உங்கள் பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். 1533 அக்டோபரில் நாரிஸோடு வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்ததாக ஒரு தேதி. அப்போது ராணி பிள்ளை பெற்ற உடம்போடு கிரீனிச்சில். முக்கால்வாசித் தேதிகளில் ஆளோ ராணியோ அந்த ஊரிலேயே இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். எழுதியவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும்போல. ‘மற்றும் முன்னும் பின்னும் வேறு பல நாட்களிலும்’ என்று ஒரு வால் ஒட்டிவிட்டார்கள்.

இதைவிட அழகு ஒன்று உண்டு. மே 15-ல் மரண தண்டனைத் தீர்ப்பு. மே 17-ல் அதே கிரான்மர், இந்தக் கல்யாணமும் முதலிலிருந்தே செல்லாது என்று தீர்ப்பளித்தார். கல்யாணமே நடக்கவில்லை என்றால் புருஷனுக்குத் துரோகம் எங்கே வந்தது? கேட்க யாரும் இல்லை. ஜார்ஜ் உட்பட ஐந்து பேரின் தலையும் அன்றே போயிற்று.

கே: விசாரணையில் யாருமே எதிர்த்துப் பேசவில்லையா?

ப: ஜார்ஜ் பேசினார். அவர் பேசிய பேச்சில், விடுதலை என்று பத்துக்கு ஒன்று பந்தயம் கட்டினார்களாம்; பேரரசர் சார்லஸின் தூதர் ஷாப்பூய் எழுதியிருக்கிறார். நடுவில் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, இதைச் சத்தமாகப் படிக்காதே, ஆமா இல்லையா என்று மட்டும் சொல் என்றார்கள். ஜார்ஜ் சபையறியப் படித்துவிட்டார். ராஜாவுக்கு ஆண்மை போதாது என்று ராணி சொன்னாரா என்பதுதான் சீட்டில் இருந்த கேள்வி. செத்தாலும் பரவாயில்லை, இதை நாலு பேர் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார். தீர்ப்பு வாசித்தது யார் என்கிறீர்கள்? நார்ஃபோக் பிரபு. இருவருக்கும் சொந்தத் தாய்மாமன்.

கே: ஆன் பொலினுக்கு ஆறு விரல் என்று படித்தேன்...

ப: எழுதியவர் நிக்கோலஸ் சாண்டர். எலிசபெத் ஆட்சியில் நாட்டைவிட்டுப் போன கத்தோலிக்கர். ஆன் பொலின் இறந்தபோது சிறு குழந்தை. 1876-ல் லண்டன் டவர் தேவாலயத் தரையைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் ஆறாவது விரலுக்கு அடையாளமே இல்லை. ராஜா கையில் பத்து விரலோடு செய்ததை விட்டுவிட்டு, ராணி கையில் ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கே: கோடரிக்குப் பதில் வாளால் வெட்டினார்களாமே. ஏன்?

ப: அது கருணையாம். கோடரி இரண்டு மூன்று தடவை விழும். கைதேர்ந்தவன் கையில் வாள் ஒரே வீச்சு. அதற்காகவே கலேயிலிருந்து ஒரு வாள்காரரை வரவழைத்தார் ஹென்றி. கூலி 23 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். கடல் தாண்டி வர ஆகும் நாளைக் கணக்கிட்டால், தீர்ப்புக்கு முன்பே ஆள் அனுப்பியிருக்க வேண்டும் என்பது பலருடைய ஊகம்.

டவரில் ராணியைக் காவல் காத்த வில்லியம் கிங்ஸ்டன், அவர் பேசியதையெல்லாம் கிராம்வெல்லுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கைதான அன்று, என்னைப் பாதாளச் சிறைக்கா கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இல்லை, முடிசூட்டு விழாவுக்கு வந்தபோது தங்கிய அதே அறைக்கு, என்றார் கிங்ஸ்டன். ராணி முதலில் அழுதார், பிறகு சிரித்தார். கடைசிக்கு முந்தின நாள், வெட்டுகிறவர் கெட்டிக்காரராம், எனக்கும் கழுத்து சின்னதுதான் என்று சொல்லி, இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

மே 19 காலை எல்லாம் முடிந்தது. சவப்பெட்டிக்கு யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஆயுதக் கிடங்கிலிருந்த ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார்கள். மறுநாள் ஹென்றிக்கும் ஜேன் சீமோருக்கும் நிச்சயதார்த்தம், மே 30-ல் கல்யாணம்.

குறித்து வைத்த கணக்குக்கு வருவோம். முதல் மனைவியைக் கழற்ற ஆறு வருஷம். இரண்டாவதற்கு, கைதிலிருந்து கழுத்து வரை, பதினேழு நாள். எப்படிக் கழற்றுவது என்பதை ஆன் பொலினுக்காகத்தான் ஹென்றி படித்தார். சட்டம், சபை, கிரான்மர் எல்லாம் அப்போது தயார் செய்த சாமான்கள்தான்.

கே: நல்ல சினிமா ஏதாவது?

ப: 1969-ல் வந்த ‘ஆன் ஆஃப் தி தௌசண்ட் டேஸ்’. ரிச்சர்ட் பர்ட்டன் ஹென்றி, ஜெனவீவ் புஜோல்ட் ஆன். சரித்திரத்துக்கு நடுநடுவே லீவு விடுவார்கள். புஜோல்ட் கண்களுக்காக மன்னிக்கலாம்.

கே: அரண்மனைகளில் அவர் அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்கிறதா?

ப: கல்யாண சமயத்தில் ஹென்றி, ஆன் பெயர்களின் பின்னிய முதலெழுத்துகளை அரண்மனை முழுக்கச் செதுக்கினார்கள். பிறகு அத்தனையையும் பெயர்த்து ஜேனின் எழுத்தைப் போடச் சொல்லி உத்தரவு. ஹாம்ப்டன் கோர்ட் பெரிய மண்டபத்தில் ஒன்று தப்பிவிட்டது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தின் மரத் தடுப்பிலும் அந்த ஜோடி எழுத்து அப்படியே இருக்கிறது. ஏணி எட்டவில்லையோ, தச்சருக்குச் சாப்பாட்டு நேரமோ.