சங்கல்பத்தில் மாறிப் பதிலீடு: அண்ணாமலையார் சந்நிதியை முன்வைத்து ஓர் ஆய்வு

லினக்ஸில் 'எட்சி' அடைவுக்குள் 'என்விரான்மென்ட்' என்றொரு கோப்பு உண்டு. கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் அதன் பாத் வரியில் 'டாலர் பாத்' என்று எழுதினால் பழைய பாதைகள் தாமே வந்து உட்காரும் என்று நம்பிக் கெட்டவர்கள் பலர். மறுமுறை உள்நுழைந்து 'எல்எஸ்' அடித்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது கணினி. காரணம், அந்தக் கோப்பைப் படிப்பது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அன்று, 'பாம் என்வ்' என்னும் நிரல். டாலர் குறியும் அதற்கு வெறும் எழுத்துதான். 'சிஸ்டம்டி' படிக்கும் 'என்விரான்மென்ட்.டி' கோப்புகளிலோ அதே குறி மாறியின் மதிப்பாக விரிகிறது. ஆக, பதிலீடு கோப்பில் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது. இதற்கான களச்சான்று திருவண்ணாமலையில் நாள்தோறும் கிடைக்கிறது.

பூஜை விதிப் புத்தகங்களில் சங்கல்பம் 'அமுக நட்சத்திரே, அமுக ராசௌ' என்று அச்சாகியிருக்கும். 'அமுக' என்பது டாலர் குறி போட்ட இடம். பாம் என்வ் அர்ச்சகராக இருந்தால் 'அமுக' என்றே ஓதித் தேங்காயை உடைத்துவிடும். நம்மவர் ஷெல் மரபினர். தட்டை வாங்கும்போதே விசாரணை தொடங்கிவிடும்.

"பேரு, நட்சத்திரம்?"

"பையன் பேருக்குங்க சாமி. கார்த்திகேயன், கேட்டை."

"கோத்திரம்?"

"அதெல்லாம் தெரியாதுங்களே."

"சரிம்மா, சிவகோத்திரம்."

கவனிக்க: மதிப்பு காலியாக இருந்தும் பிழைச்செய்தி வரவில்லை. ஷெல்லில் சிறுகோடு இட்டு இயல்மதிப்பு தரும் வசதியை யுனிக்ஸ் உலகம் போர்ன் ஷெல் வழியாக 1979இல் கண்டது. கோத்திரம் தெரியாத பக்தர்கள் அதற்கு முன்பும் இருந்திருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

'சாமி பேருக்கே பண்ணிடுங்க' என்பவர்கள் தனி வகை. அண்ணாமலையாருக்கு அண்ணாமலையார் பெயரிலேயே அர்ச்சனை! பாத்துக்குள் பாத்தையே இடுவதும் இதுவும் ஒன்றே. ஷெல் மயங்குவதில்லை, அர்ச்சகரும்தான்.

2021இல் அறநிலையத் துறை கொண்டுவந்த 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' மொழியை மாற்றியது. பெயருக்கும் நட்சத்திரத்துக்குமான காலியிடங்கள் அப்படியே இருக்கின்றன.

பௌர்ணமியன்று மட்டும் இக்கோட்பாடு ஆட்டம் காண்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த கூட்டம் வரிசையில் நெருக்கும்போது யாரிடம் என்ன விசாரிப்பது? 'சகுடும்பானாம்' என்ற ஒரே சொல்லில் குடும்பம் மொத்தமும் அடங்கிவிடுகிறது. இது மாறிப் பதிலீடு அன்று. ஷெல்லில் எல்லாக் கோப்புகளையும் அள்ளிவரும் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் கேட்க நேரமில்லாதபோது நட்சத்திரக் குறி எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.