பிளக் பாயிண்ட் சுற்றுலா

வெளியூர்க்காரர்கள் கீழவாஞ்சூருக்கு வண்டியில் வந்தால், பெரும்பாலும் இரண்டு காரியத்துக்காக இருக்கும். ஒன்று, பெட்ரோல் போடுவது. இன்னொன்றைச் சொல்லத் தேவையில்லை. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, வரி குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாகூரைவிட இரண்டுமே இங்கே மலிவு. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் தேடி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிற இந்த ஊரில், பெட்ரோலே வேண்டாம் என்று பேட்டரி சைக்கிள் வாங்கி வைத்திருப்பார் ஒருவர். அவர்தான் நம்முடைய வழிகாட்டி.

யாரும் அவரை நியமிக்கவில்லை, கட்டணமும் கிடையாது. திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி பார்க்க வந்த சம்பந்தியோ, கல்யாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட மருமகனோ, இரவு தங்கிவிட்டால் போதும். காலை ஆறு மணிக்கு வாசலில் இரண்டு சைக்கிள் தயாராக நிற்கும்.

இந்தச் சுற்றுலாவுக்கு வித்து பிரான்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். 1962-ல் ஒப்பந்தம் முறைப்படி நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்கால் பக்கம் நிறைய. ஆகவே அவருக்கும் பாரிசில் ஒரு மைத்துனர். அவர் விடுமுறைக்கு ஜெனீவா ஏரிக்குப் போய், கரையோரக் கிராமங்களையும் லாவோ திராட்சைத் தோட்டங்களையும் வழிகாட்டியோடு மின்சைக்கிளில் சுற்றி, வீடியோ அனுப்பிவிட்டார். லாவோ 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். ஏரியிலிருந்து படிப்படியாக எழும் செங்குத்துச் சரிவு. மோட்டார் இல்லாமல் மிதித்தால் நாக்கு தள்ளிவிடும். நடுநடுவே ஒரு நிலவறையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு மிடறு கொடுப்பார்கள்.

கீழவாஞ்சூரில் மேடு என்று சொல்ல ஆற்றுப்பாலங்கள்தான் உண்டு. மற்றபடி எலுமிச்சம்பழம் உருட்டினால் நின்ற இடத்தில் நிற்கும் சமதரை. அதனால் என்ன? ஏரிக்குப் பதில் குளம். 2019-ல் ‘நம் நீர்’ என்று காரைக்கால் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர் வாரினார்களே, அதில் தன் பங்கும் உண்டு என்கிற தோரணையில் ஒவ்வொரு குளக்கரையிலும் பிரேக் பிடிப்பார். “திராட்சை எங்க மாமா?” என்று விருந்தாளி கேட்டால், மெயின் ரோட்டுக் கடைகளை நோக்கித் தாடையை உயர்த்துவார். “இங்க அது பாட்டில்லதான் காய்க்கும் மாப்ள.”

சுற்றுலாவின் உண்மையான வரைபடம் அவர் தோளில் தொங்கும் பையில் இருக்கிறது. அதற்குள் சார்ஜர். கருப்பாக, செங்கல் கனத்தில் ஒரு பெட்டி. அவர் நிறுத்துகிற இடமெல்லாம் பிளக் பாயிண்ட் உள்ள சொந்தக்காரர் வீடு. திருமலைராயன்பட்டினத்தில் அக்கா வீடு. செருப்பைக் கழற்றுவதற்கு முன் சார்ஜர் வெளியே வந்துவிடும். “இவன் வந்தா மொதல்ல என் மிக்சியத்தான் புடுங்குவான்” என்பார் அக்கா, சட்னி பாதியில் நிற்க. முழு சார்ஜ் ஏற நாலைந்து மணி நேரம் ஆகும்; ஒரு காபிக்கு ஏறுவது சொற்பம். ஆகையால் காபிக்குப் பின் இட்லி, இட்லிக்குப் பின் பழைய ஆல்பம்.

ஆல்பமும் தீர்ந்துவிட்டால் காளமேகப் புலவர் வருவார். திருமலைராயன் சபையில் மரியாதை குறைந்த கோபத்தில் மண்மாரி பொழியட்டும் என்று புலவர் பாடிவிட்டாராம். ஊரே மண்மூடிப் போனதாம். “செயினைத் தடவிப் பாருங்க, அந்த மண்ணு இன்னும் ஒட்டும்” என்று ஆதாரமும் காட்டுவார். கடலோர ஊரில் செயினில் மண் ஒட்டாமல் என்ன ஒட்டும் என்று கேட்பதற்கு விருந்தாளிக்குத் தைரியம் வராது. இட்லி அக்கா வீட்டுடையது.

துறைமுகத்தைப் பொறுத்தவரை மதில்தான் காட்சி. 2009-லிருந்து இயங்கும் தனியார் துறைமுகம், உள்ளே விடமாட்டார்கள். நிலக்கரி இறங்குகிற கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, இலங்கைக் கப்பலுக்கு வந்ததும் அவர் குரல் மாறும். காரைக்காலிலிருந்து விடுவதாகப் பேச்சு அடிபட்ட காங்கேசன்துறைக் கப்பல், 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து அல்லவா கிளம்பியது! நாகையில் பெண் எடுத்தவர்கள் உடன் வந்திருந்தால் அன்றைக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு எல்லை. “ஒரே மிதியில ரெண்டு ஆட்சி. சுவிட்சர்லாந்துல உண்டா?” என்று கேட்டுக்கொண்டே நாகூர்ப் பக்கம் திரும்புவார். சோதனைச் சாவடியில் போலீஸ்காரரின் கண் நேராகக் கனத்த பைக்குப் போகும்.

“பையில என்ன சார்?”

அவர் காதில் விழுவது வேறு கேள்வி. “250 வாட் சார். 25 கிலோமீட்டருக்கு மேல போகாது. லைசென்சும் வேணாம், நம்பர் பிளேட்டும் வேணாம், சட்டமே இருக்கு.” போலீஸ்காரர் சட்டத்தைக் கேட்கவில்லை, ஜிப்பைத் திறக்கச் சொல்கிறார். பாட்டில் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒயரோடு சார்ஜர் வந்ததும் அவர் முகத்தில் தெரிகிற ஏமாற்றம் பார்க்கத் தகுந்தது. சுற்றுலாவில் விருந்தாளி மனப்பூர்வமாக ரசிக்கிற இடமும் அதுதான்.

எல்லை தாண்டியதும் சோழகக் காற்று எதிரே. “மோட்டார் அசிஸ்ட ஒண்ணுல வைங்க மாப்ள. மூணுல வச்சா தர்கா வரைக்கும் தாங்காது.” மருமகன் மூன்றில்தான் வைத்திருப்பார். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது, தூரத்திலேயே தெரியும். அது கண்ணில் படுகிற நேரம் பார்த்து மோட்டார் படுத்துவிடும். பேட்டரியோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் கனக்கிற சைக்கிளை மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். “பெடல் எதுக்குக் குடுத்திருக்கான்?” என்று வழிகாட்டி முன்னால் போய்விடுவார். அவருடையது ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவருக்கு நிஜத் திராட்சைத் தோட்டம் காட்டியே தீர வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கொடியை முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். “அப்ப அது நம்ம சொத்துதானே?” என்கிறார். தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல். காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: திருவாரூரில் சித்தப்பா, தஞ்சாவூரில் மச்சினி, திருச்சியில் இரண்டு வீடு. அதற்கப்புறம்தான் வெற்றிடம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற தரகரிடம், ஜாதகம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பையன் திண்டுக்கல் பக்கமாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.