வசூலுக்குப் போற மோனுக்கு

வா மோனை, வெயிலுக்கை நிண்டு பைலைப் புரட்டாதை. வேம்படியில கதிரை கிடக்கு, இரு. நீ கிளிநொச்சியில ரிக்கவரி வேலை எடுத்திட்டாய் எண்டு கொம்மா சொன்னவ. பெருமைதான். எங்கட பரம்பரையில கடன் பட்டவை எக்கச்சக்கம். கடன் அறவிடப் போறவன் நீதான் முதல்.

தொழில் சொல்லித் தாறன், கேள். வீட்டுக்குப் போறதெண்டா உலை வைக்கிற நேரமாய்ப் பாத்துப் போ. அந்த நேரம் ஒருத்தரும் ஒளிக்கேலாது, அடுப்பு புகைஞ்சு காட்டிக் குடுத்திடும். 'அக்கா, காசு வாங்காமல் எழும்ப மாட்டன்' எண்டு திண்ணையில குந்து. தேத்தண்ணி தருவினம், குடி. அதில போட்ட சீனியும் கடைக்கொப்பியில எழுதி வாங்கினதுதான், அதை யோசிச்சால் தொண்டையால இறங்காது.

ஆனா நீ இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லையடா. குழுக் கடனைக் கண்டுபிடிச்சவன் பெரிய மூளைக்காரன். கிழமைக்கு ஒருக்கா சென்டர் எண்டு பொம்பிளையளைக் கூப்பிட்டுப் பாயில இருத்துறாய். ஒருத்தி கட்டுக்காசு கொண்டு வரேல்லையெண்டால் மற்றவை சேர்த்துப் போட்டுக் கட்டவேணும்; கட்டாமல் ஒருத்தரும் எழும்பேலாது. வீட்டில பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து பசியோட நிக்கும். பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுழிப்பாள், சித்தி முறையானவள் வாய் விடுவாள். நீ பேனையைக் கடிச்சுக்கொண்டு சும்மா இருந்தாக் காணும். சம்பளம் உனக்கு, வசூல் செய்யிறது அவளின்ர ஒழுங்கைச் சனம்.

கணக்கையும் வடிவா விளங்கிக்கொள், ஆரும் கேட்டால் இருமிச் சமாளிக்கலாம். 50,000 குடுக்கிறாய், வட்டி 24 வீதம்தான் எண்டு சிரிச்சுச் சொல்லுறாய். 62,000ஐ 52 கிழமையாய்ப் பிரிச்சுக் கட்டச் சொல்லுறாய். கிழமைக்குக் கிழமை முதல் குறையுது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் நிக்குது. வருசம் முழுக்கச் சராசரியாய் அவளின்ர கையில இருந்தது அரைவாசிக் காசுதானே? அப்ப வட்டி 40ஐத் தாண்டிப் போட்டுது. இதை நான் மணலில எழுதிக் காட்டினால் கிழவனுக்கு மறை கழண்டிட்டுது எண்டுவாய்.

2009இல சண்டை முடிஞ்ச பிறகு முகாமால தறப்பாளோட திரும்பின சனம் வயலில காலை வைக்க முதலே ஏ-9 ஓரத்தில பினான்ஸ் போர்டுகள் முளைச்சிட்டுது. புருசனை இழந்தவளிட்ட காணி உறுதி கேக்கேல்லை. அடையாள அட்டையும் நாலு கூட்டாளியும் போதும் எண்டினம். வங்கி வாசலில கால் கடுக்க நிண்டவளுக்கு இது வரம் மாதிரி. பிறகு ஒண்டை அடைக்க ஒண்டு, அதை அடைக்க இன்னொண்டு. 2018இல ஐ.நா.வால ஒரு நிபுணர் வந்தார், பொகொஸ்லவ்ஸ்கி எண்டு பெயர், பல்லில்லாத வாய்க்குச் சரிவராது. சில இடங்களில வட்டி 220 வீதம் வரைக்கும் போகுது எண்டு எழுதிப்போட்டுப் போனார். அதே வருசம் மத்திய வங்கி 35 வீதத்துக்கு மேல போகாதை எண்டது. அரசாங்கம் வறட்சி பட்ட 12 மாவட்டத்துப் பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டது. மூண்டு மாதமாய்க் கட்டாதவைக்குத்தான். தோட்டை ஈடு வைச்சு ஒழுங்காய்க் கட்டினவள் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டாள். நேர்மைக்கு எங்கயடா தள்ளுபடி?

சட்டத்தைப் பற்றிக் கதைக்காதை, அது உனக்கு ஆபத்து. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இண்டைக்கும் இருக்கு. கடைக்கொப்பிக் கடனுக்கு ஒரு வருசத்துக்குள்ள வழக்குப் போடவேணும். எழுத்தில்லாத கடனுக்கு மூண்டு வருசம், எழுதின கடனுக்கு ஆறு. மத்தியஸ்த சபையும் இருக்கு, அங்க கதிரையில இருக்கிறது ஊர்ப் பெரிய மனிசர். வாசலில நிண்டு கத்துறதுக்கு ஒரு சட்டமும் உனக்கு அதிகாரம் தரேல்லை. இது சனத்துக்குத் தெரிஞ்சால் உன்ர தேத்தண்ணி நிண்டுபோம். அதால நான் வாய் திறக்கமாட்டன், சென்டர் நடக்கிற செவ்வாய்க்கிழமையளில மட்டும் திறப்பன்.

இனி உனக்கொரு நல்ல வேலை தாறன். உன்ர பைலில இருக்கிற அரைவாசிப் பேர் ஏன் கட்டேல்லை எண்டு கேட்டியே? காலபோக நெல்லை மில் முதலாளி ஏத்திக்கொண்டு போட்டார், காசு நாளைக்கு எண்டார். அந்த நாளைக்கு இன்னும் விடியேல்லை. என்ர நெல்லும் அதுக்குள்ளதான். உங்கட தொழிலில அறவிட்ட காசில ஒரு பங்கு கமிஷன் எடுக்கிறவையாம். நான் நூற்றுக்குப் பத்துத் தாறன், மற்றவையும் தருவினம். அந்த மில்லுக்குப் போ. திண்ணையில குந்து, காசு வாங்காமல் எழும்பமாட்டன் எண்டு சொல்லு. உலை வைக்கிற நேரம் பாக்கத் தேவையில்லை, அங்க எந்த நேரமும் சாப்பாடு இருக்கும்.

என்னடா, பைலைத் தூக்கிக்கொண்டு எழும்புறாய்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.