ஒரே பனை, இரண்டு சட்டம்

கேள்வி: முதுகுப்பையோடு ஐரோப்பிய நகரங்களைச் சுற்றுவோர் வரலாற்றையும் மதுவையும் சேர்த்தே அறிகிறார்கள். நம் எல்லைப்புறத்தில் அதற்கு வழியுண்டா?
— வாசகர், வெள்ளறடை

பதில்: உண்டு. பவேரிய அரசகுலம் 1589இல் நிறுவிய பீர்சாலையை மூனிச் நகரம் போற்றுகிறது என்றால், தென் திருவிதாங்கூரின் வரலாறு பனையின் உச்சியில் கட்டிய கலயத்திலேயே இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், புளிக்காத இனிய சாறாகிய அக்கானி, அதாவது பதநீர், கிடைக்கும். தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகும். சாற்றை மாற்றுவது சுண்ணாம்பு; சட்டத்தை மாற்றுவதோ எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் கேரளத்தின் வெள்ளறடைப் பக்கம் உரிமம் பெற்ற கடையில் விற்கப்படும் கள், கிழக்கே சிறிது தூரம் நடந்தால், 1987 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது.

நெய்யாற்றின்கரைப் பக்கம் தவறவிடக் கூடாத இடம் அருவிப்புறம். 1888இல் அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்து சாதிக் கட்டை உடைத்த நாராயண குரு, கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டோர் பலர் இருந்த தம் சமூகத்துக்கே, மது நஞ்சு என்றும் அதை உண்டாக்கவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்றும் பின்னாளில் அறிவுறுத்தினார். சொந்த மக்களின் வருவாயையே தொட்ட அந்தத் துணிவு பெரிது. ஆகவே இங்கே வரும் பயணிகளே, காலையில் இறக்கிய அக்கானியைக் கேட்டு வாங்கிப் பருகுங்கள். கருப்பட்டியையும் பனையேறியிடமே நேராக வாங்குங்கள்.